மாடு நுழையாம வேலி போட்டாச்சுன்னா வேலை முடிஞ்சுதானே, ஏன் வருஷா வருஷம் ஆள் போகணும்?

முடியாதுங்க, வேலி போடுறத விட அத காப்பாத்துறதுதான் பெரிய வேலை. அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத்துல ஹார்ட் மவுண்டன்னு 1936-ல ஆரம்பிச்ச சரணாலயம் இருக்கு, ப்ராங்ஹார்ன்னு மான் மாதிரி ஒரு விலங்குக்காக, 1990-கள்ல அங்க மாட்டு மேய்ச்சலையே நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி இடத்துல பனி கம்பிய அமுக்கும், எல்க் மான் தாண்டுறப்ப மேல் கம்பிய அறுத்துட்டு போகும். பாறை இருக்கற எடத்துல போஸ்ட் இறங்காது, மரச்சட்டத்துக்குள்ள கல்ல நிரப்பி அதுல கம்பிய கட்டுவாங்க, அந்த மரம் மக்கினா மொத்தமும் சாயும். அதனால பனி உருகினதும், பக்கத்து நிலத்துல மாட்ட விடுறதுக்கு முன்னாடி, நடந்தோ குதிரையிலயோ முழு வேலியையும் பாத்துடணும். ஒரு எடம் விட்டா போதும், மாடுங்க நேரா ஓடைக்கரைக்குத்தான் போகும், வறண்ட ஊர்ல பச்சை அங்கதானே இருக்கு, ஓடைக்கரையில வளர்ற வில்லோங்கற செடியோட தளிர மொட்டையடிச்சு கரைய மிதிச்சு சரிச்சுடும்.

அதுக்காக எப்படியாச்சும் இழுத்து கட்டிட்டு வந்துடாதீங்க. ப்ராங்ஹார்ன் பெரும்பாலும் வேலிய தாண்டாது, அடியில குனிஞ்சு நுழையும், கீழ் கம்பி முள்ளில்லாம 16-18 இன்ச் உயரத்துல இருக்கணும், தொங்கினா அதுக்கு வழி அடைஞ்சுடும். சேஜ் க்ரௌஸ் பறவை தாழப் பறந்து கம்பியில மோதி சாகும், அதுக்குத்தான் மேல் கம்பியில வெள்ளை பிளாஸ்டிக் துண்டு மாட்டுறது, விழுந்திருந்தா கண்டிப்பா திரும்ப மாட்டுங்க.