பழைய லாஸ்ட், புதுத் தோல்: ரீமேக் கேம் வாங்கலாமா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை வட்டார வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பழைய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதையோடு ஆடும்) கேம்களின் ரீமேக்குகளைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்’ வாங்கச் சொல்லி நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். 1997-இல் வந்த பழையதை நான் தொட்டதே இல்லை. நேராகப் புதியதில் இறங்கலாமா? ரீமாஸ்டர், ரீமேக் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?
- வாசகர், ஆம்பூர்

உங்கள் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். பழைய ஷூவைத் துடைத்து, பாலிஷ் போட்டு, லேஸ் மாற்றித் தந்தால் அது ரீமாஸ்டர். அதே லாஸ்டில், அதாவது ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சில், புதுத் தோலை இழுத்துப் புது சோல் ஒட்டினால் ரீமேக். பார்வைக்குப் புதிது, காலுக்குப் பழகிய அளவு. ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்’ இந்த இரண்டிலும் சேராது. லாஸ்டையே புதிதாகச் செதுக்கிவிட்டு, பழைய பெயரைப் பொறித்திருக்கிறார்கள்.

2020-இல் வந்த இந்த கேம் பழைய கதை முழுவதையும் சொல்வதில்லை. கதை தொடங்கும் மிட்கார் நகரத்தோடு நின்றுவிடுகிறது. பழையதில் அந்த நகரம் ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதியதில் அதையே 35 மணி நேரத்துக்கும் மேலாக விரித்திருக்கிறார்கள். அடுத்த பகுதிக்கு 2024-இல் வந்த ‘ரீபர்த்’தைத் தனியாக வாங்க வேண்டும். ஆக, ஒன்றை வாங்குகிறோம் என்று நினைத்துத் தொடரில் கால் வைக்கிறீர்கள்.

எங்கள் பரிந்துரை: முதலில் பழையதை முடியுங்கள். புதியதன் கடைசி அத்தியாயம், பழைய கதை எப்படிப் போகும் என்று ஆடுபவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. அது தெரியாதவருக்கு அந்த இரண்டு மணி நேரம் காரணமில்லாத கூச்சலாகத்தான் படும். பழையது போனிலும் கிடைக்கிறது. பிஎஸ்4, ஸ்விட்ச் பதிப்புகளில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டவும், வழியில் குறுக்கிடும் சண்டைகளை நிறுத்தவும் வசதி உண்டு. நடந்து கடக்கும் இடங்களுக்கு வேகத்தைப் பயன்படுத்துங்கள். சண்டைகளை மட்டும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். லெவல் ஏறாமல் போய் அடுத்த பாஸிடம் (பெரிய எதிரியிடம்) மாட்டிக்கொள்வீர்கள்.

பழையதில் முதல் பாஸ் தேள் வடிவ இயந்திரம். அதனிடம் தோற்பவர்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பால் தோற்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘வால் தூக்கியிருக்கும்போது அடி’ என்று ஒரு பெட்டியில் வரும். அதை நம்பி அடித்த பிறகுதான் ‘லேசரால் திருப்பித் தாக்கும்’ என்று அடுத்த பெட்டி வரும். சொல்ல வந்தது ‘வால் தூக்கியிருக்கும்போது அடித்தால் லேசர் பாயும்’ என்பதுதான். வால் மேலே இருக்கும்வரை தற்காத்துக்கொண்டு, இறங்கியதும் மின்னல் மந்திரத்தைப் போடுங்கள்.

பிறகு புதியதற்கு வந்தால், அங்கே வேறொரு தவறு நடக்கும். அதிரடி கேம் என்று நினைத்து உருண்டு உருண்டு தப்பிக்கப் பார்ப்பார்கள். இதில் உருளும்போது அடி படாது என்ற சலுகை கிடையாது. உருண்டாலும் அடி விழும். தடுப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சேதம் குறைவதோடு, கட்டளை கொடுக்கத் தேவையான ஏடிபி கட்டமும் கொஞ்சம் நிரம்பும். ஒரே ஆளை வைத்து ஆடாமல் மற்றவர்களுக்கும் மாறி மாறிக் கட்டளை கொடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் சாட்லி என்ற பையன் தரும் ‘அசெஸ்’ மட்டீரியாவை (ஆயுதத்தில் பதிக்கும் சக்திக் கல்லை) உடனே மாட்டுங்கள். எதிரிக்கு எந்த மந்திரம் ஆகாது என்று அது காட்டிக்கொடுக்கும். விரல் வேகம் போதாது என்றால் ‘கிளாசிக்’ முறைக்கு மாற்றிவிடுங்கள். அடிப்பதையும் தடுப்பதையும் கேமே பார்த்துக்கொள்ளும், கட்டளை மட்டும் உங்களுடையது. அப்படி ஆடினாலும் நல்ல அனுபவம்தான்.

கணினியில் ஆடுவதானால் ஒரு எச்சரிக்கை. ‘ரீமேக்’ 8 ஜிபி ரேமிலும் ஓடும். 100 ஜிபி இடம் கேட்கும். ‘ரீபர்த்’ அப்படி இல்லை. குறைந்தது ஆர்டிஎக்ஸ் 2060 வேண்டும், எஸ்எஸ்டி-யில் 155 ஜிபி வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அவ்வளவும் இறங்க மூன்றரை மணி நேரம், 40 எம்பிபிஎஸ் என்றால் எட்டரை மணி நேரம். நாளுக்கு 2 ஜிபி தரும் போன் டேட்டாவை வைத்து முயற்சி செய்தால் இரண்டரை மாதம் ஆகும்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1650, 8 ஜிபி ரேம். ‘ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட்’ ஆட ஆசை. ரேமை 16 ஆக்கினால் ஓடுமா? இல்லை, 2006-இல் வந்த பழையதே போதுமா?
- மாணவர், காட்பாடி

ரேமுக்காகப் பணம் போடாதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த இந்தப் பதிப்பு 16 ஜிபி ரேமோடு ஜிடிஎக்ஸ் 1070 டிஐ அளவு கிராபிக்ஸையும் கேட்கிறது. லேப்டாப்பில் ரேமை மாற்றலாம், கிராபிக்ஸை மாற்ற முடியாது. அதோடு 125 ஜிபி இடம் வேறு.

பெயர்தான் ரீமாஸ்டர், செய்திருக்கும் வேலை அதைவிடப் பெரிது. அடியில் பழைய எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓட, மேலே அன்ரியல் எஞ்சின் 5 படம் வரைகிறது. ஊரை விட்டு வெளியே குதிரையில் போகும்போது நல்ல கணினியிலும் படம் விட்டு விட்டு உதறுவது இந்த எஞ்சினால் வருவது. பழைய குகைகள், பழைய கதை, பழைய பிழைகளில் பலவும் அப்படியே இருக்கின்றன. உண்மையில் மாறியது லெவல் ஏறும் முறை. வாங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்தே முடிவு செய்யச் சொல்வோம்.

பழையதில் முக்கியத் திறன்கள் எல்லாம் சேர்த்துப் பத்து முறை உயர்ந்தால் ஒரு லெவல். படுத்துத் தூங்கி எழும்போது அது ஏறும். நீங்கள் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். உங்கள் உடல் வலிமைக்கு முழு ஐந்து புள்ளி கிடைக்க வேண்டுமானால், அதற்குரிய திறன்களை அந்த லெவலுக்குள் பத்து முறை உயர்த்தியிருக்க வேண்டும். இது தெரியாதவர்கள் ஓட்டத்தையும் குதித்தலையும் முக்கியத் திறனாக எடுத்துவிடுவார்கள். ஊர் சுற்றினாலே லெவல் ஏறிக்கொண்டு போகும். சண்டைத் திறனோ தொடங்கிய இடத்திலேயே இருக்கும். பத்தாவது லெவலில் ஒரு சாதாரண எதிரியை வீழ்த்தவே மூச்சு முட்டும்.

புதியதில் இந்தக் கணக்கு இல்லை. லெவலுக்கு 12 புள்ளிகள், அவற்றை நீங்களே பிரித்துப் போடலாம். முக்கியத் திறன், சாதாரணத் திறன் இரண்டின் உயர்வும் லெவலில் சேரும். வேகமாக ஓடும் வசதியும் சேர்ந்திருக்கிறது.

இருந்தாலும் உங்கள் லேப்டாப்புக்குப் பழையதுதான் பொருத்தம், தாராளமாக ஓடும். மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் நிறுவாதீர்கள். அங்கே விண்டோஸ் எழுத விடாததால் மாட் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றங்கள்) போடும்போது சிக்கல் வரும். முக்கியத் திறன்களாக, நினைத்தபோது மட்டும் நீங்கள் பயன்படுத்தும் திறன்களைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டமும் குதித்தலும் வேண்டாம். அதற்குப் பிறகும் எதிரிகள் மலையாக நின்றால் செட்டிங்ஸில் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் கோலை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அந்த லெவல் முறை அவ்வளவு மோசமாகக் கட்டப்பட்டது.

வேலூர் கத்திரி வெயிலில் ஆடுபவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சீராக ஓடிய கேம் அரை மணியில் தடுமாறினால் கேமைக் குறை சொல்லாதீர்கள். சூடேறிய லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள், மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள், நொடிக்கு வரும் ஃபிரேமை (படங்களை) 60-க்குப் பதில் 30 அல்லது 40-இல் கட்டிப்போடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் நாட்களில் மேஜைக் கணினியில் ஆடுபவர்கள் ஒரே சேவ் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல் மூன்று நான்கு சேவ்களை மாற்றி மாற்றி வைப்பது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஒன்று மட்டும்தான் கெடும்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் ‘பெர்சோனா 3 ரீலோட்’ கேட்டு அடம் பிடிக்கிறான். பள்ளிக்கூடக் கதை என்கிறான். வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், ஆரணி

வேண்டாம் அம்மா. பள்ளிக்கூடக் கதை என்பது உண்மைதான். ஆனால் அதில் வரும் பிள்ளைகள் தங்கள் சக்தியை அழைக்க, துப்பாக்கி போன்ற கருவியைத் தலையில் வைத்து அழுத்துவார்கள். ஒவ்வொரு சண்டையிலும் இந்தக் காட்சி வரும். கதையின் மையமே மரணம். அமெரிக்கத் தர முத்திரையில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறார்கள், அது சரியான முத்திரை.

அவனுக்கு ‘டிராகன் குவெஸ்ட் 3’ எச்டி-2டி ரீமேக் பொருந்தும். 1988-இல் ஜப்பானில் வந்த கேமை 2024-இல் அதே லாஸ்டில் திரும்பத் தைத்திருக்கிறார்கள். மூன்று கடின நிலைகளில் எளியதைத் தேர்ந்தெடுத்தால் அவன் ஆள் சாகவே மாட்டான். தமிழில் எழுத்து இல்லை; ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருக்கும். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் பிறகு அவனே படித்துக்கொள்வான். வீட்டில் ஸ்விட்ச் இருந்தால் 2023-இல் வந்த ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ இன்னும் எளிது, குறுகியது.

பெரியவர்கள் ‘ரீலோட்’ ஆட நினைத்தால் தயங்க வேண்டாம், நல்ல ரீமேக். 2006 பதிப்பில் கூட வருபவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அடிப்பார்கள். நீங்கள் நேராகக் கட்டளையிட முடியாது. அந்தத் தலைவலி இதில் தீர்ந்துவிட்டது. பெண் நாயகியாக ஆடும் வழி மட்டும் இதில் இல்லை. அது வேண்டுமென்றால் ‘போர்ட்டபிள்’ பதிப்புக்குத்தான் போக வேண்டும்.

பழைய ‘டயாப்லோ 2’ சேவ்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. ‘ரிசரக்டட்’ வாங்கினால் அவை பயன்படுமா?
- வாசகர், குடியாத்தம்

இணையம் இல்லாமல் தனியாக ஆடிய பாத்திரங்கள் என்றால் பயன்படும். டி2எஸ் என்று முடியும் கோப்புகளின் நகலை ‘சேவ்டு கேம்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டயாப்லோ 2 ரிசரக்டட்’ ஃபோல்டரில் போடுங்கள். மூலக் கோப்புகளைத் தொடாதீர்கள். பேட்டில் நெட்டில், அதாவது கேம் நிறுவனத்தின் இணையச் சேவையில், ஆடிய பாத்திரங்கள் வராது. கணினியில் ஜி விசையை அழுத்தினால் 2000-ஆம் ஆண்டுப் படம் அப்படியே திரும்பும். புதுப் பூச்சுக்குள் பழைய கேம்தான் ஓடுகிறது என்பது அப்போது கண்ணுக்கே தெரியும். இணையம் இல்லாமல் ஆடினாலும் 30 நாளுக்கு ஒரு முறை இணைத்துக் காட்ட வேண்டும்.

யூடியூபில் பார்த்து மயங்கி வாங்கி, பத்து மணி நேரத்தில் சலித்துப்போய் விட்டுவிட்ட கேம்கள் என்னிடம் நான்கு இருக்கின்றன. பணத்தைத் தொலைக்காமல் முடிவு செய்வது எப்படி?
- வாசகர், வாணியம்பாடி

ஸ்டீம் என்ற கேம் விற்கும் இணையக் கடையில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். டவுன்லோட் நேரம் இதில் சேராது. ஆனால் கேமைத் திறந்து வைத்துச் சாப்பிடப் போனால் அந்த நேரம் சேரும். சில புதிய கேம்கள் முதல் முறை திறக்கும்போது ஷேடர் (படம் வரைய உதவும் சிறு நிரல்கள்) தயார் செய்ய எடுக்கும் நிமிடங்களும் சேரும். அதனால் நேரம் ஒதுக்கி உட்கார்ந்துவிட்டுத் திறங்கள்.

அந்த நேரத்தில் கதையை எடை போடாதீர்கள். ஆர்பிஜி கதை இரண்டு மணியில் சூடே பிடிக்காது. பாஸ் சண்டையையும் நம்பாதீர்கள். அதைத்தான் எல்லோரும் உழைத்துச் செய்திருப்பார்கள். வழியில் வரும் சாதாரணச் சண்டையைப் பாருங்கள். ஒரு சண்டை தொடங்கி, முடிந்து, மறுபடி நடக்க ஆரம்பிக்கும்வரை போனில் நேரம் பிடியுங்கள். ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு கேமில் 400 சண்டை வந்தால் பத்து மணி நேரம் அதற்கே போய்விடும். மூன்றாவது சண்டையிலேயே ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று தோன்றினால் உங்கள் பத்து மணி நேரச் சலிப்பின் வேர் அதுதான். உடனே செட்டிங்ஸில் சண்டை வேகம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ‘டிராகன் குவெஸ்ட் 3’ ரீமேக்கில் மூன்று வேகங்கள் உண்டு. அதிவேகத்தில் வைத்தால் கேமே வேறாகிவிடும்.

அடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள். கட்டிலில் சாய்ந்து டிவியில் ஆடுபவர்களுக்கு இதுவே பெரிய தொல்லை. பிறகு, நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து இரவு முக்கால் மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு, சேவ் செய்யும் இடத்தைத் தேடி ஓட வைக்கும் கேம் ஒத்துவராது, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும்.

டெமோ இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். 2025-இல் வந்த ‘டிரெயில்ஸ் இன் தி ஸ்கை’ முதல் அத்தியாய ரீமேக்கின் இலவச டெமோவில் ஆடியதை அப்படியே முழு கேமுக்குக் கொண்டுபோகலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்க முடிவு செய்தால் ஸ்டீம் சப்போர்ட்டில் ‘பர்ச்சேஸஸ்’ பகுதிக்குப் போய், அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் என்ற வரியை அழுத்துங்கள். பணத்தைக் கட்டிய வழியிலேயே திருப்பித் தரவா, ஸ்டீம் வாலட்டில் போடவா என்று கேட்கும். வாலட்டில் போட்ட பணத்தை வேறு கேம் வாங்கத்தான் பயன்படுத்த முடியும், அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.