குரங்குக் காய்ச்சலும் உண்ணியும்

கேள்வி: மேய்ந்து திரும்பும் எங்கள் மாடுகளின் காதிலும் மடியிலும் உண்ணிகள் ஒட்டியிருக்கின்றன. குரங்குக் காய்ச்சல் உண்ணியால் வருகிறது என்கிறார்களே, குரங்குக்கும் உண்ணிக்கும் என்ன தொடர்பு?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: பெயரில் பழி குரங்கின் மேல் விழுந்தாலும், நோயைச் சுமந்து வருவது உண்ணிதான். 1957-இல், இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, அருகிலிருந்த சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலில் விழ, இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது.

உண்ணி பூச்சியன்று, சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. முட்டையிலிருந்து ஆறு கால்களுடன் வரும் குஞ்சு, ஒருமுறை இரத்தம் குடித்துத் தோலுரித்ததும் எட்டுக்கால் இளம் உண்ணியாகிறது. மீண்டும் ஒருமுறை குடித்தபின் முதிர்கிறது. ஒரு பருவத்தில் உடலில் புகுந்த வைரஸ் அடுத்த பருவத்திலும் தங்கிவிடுவதால், குரங்கிடம் பெற்றதை அது வேறோர் உயிரிடம் சேர்க்க முடிகிறது. குரங்கு இறந்ததும் அதன் உடலிலிருந்து உதிரும் உண்ணிகள் அவ்விடத்திலேயே புது இரைக்காகக் காத்திருக்கும் என்பதால், காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கை நெருங்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது கண்ணுக்கு எளிதில் படாத இளம் உண்ணியே. நவம்பர் முதல் மே வரை அதன் காலம்.

மாடு இந்நோயைப் பரப்புவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிகளுக்கு அது நல்ல விருந்து, அதனால் அவற்றின் எண்ணிக்கை பெருகும். உடலில் ஒட்டிய உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சூடு வைப்பதும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தெடுங்கள். காட்டுக்குச் சென்று வந்த சில நாள்களில் காய்ச்சல் கண்டால், அந்தப் பயணத்தை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.