ஸ்டுடியோ சர்வருக்கு எந்த பிஎஸ்டி?

கேள்வி: கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். பல வருடமாக உபுண்டு பழக்கம். கல்யாணப் படங்களைப் போட்டு வைக்க ஒரு சர்வர், இன்டர்நெட் லைனுக்கு முன்னால் வைத்து வந்துபோவதை வடிகட்ட ஒரு ஃபயர்வால் பெட்டி, எனக்கென்று ஒரு பழைய லேப்டாப். மூன்றிலும் பிஎஸ்டி (லினக்ஸ் போலவே இலவசமான, யூனிக்ஸ் வழி வந்த ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுப் பார்க்க ஆசை. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்று மூன்று இருக்கிறதே, ஒன்றை மட்டும் எடுத்து எல்லாவற்றிலும் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் வேண்டாம்.

உபுண்டுவா, மின்டா, டெபியனா என்று லினக்ஸ் வகைகளுக்குள் யோசித்த பழக்கத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே எதை எடுத்தாலும் அடியில் ஓடுவது ஒரே லினக்ஸ் கெர்னல்தான் (சிஸ்டத்தின் மையப் பகுதி), இந்த வருடம் ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸிலிருந்து 1993-இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் தனித்தனியாகக் கிளம்பின. 1995-இல் நெட்பிஎஸ்டி குழுவோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்த தியோ டி ராட் ஓபன்பிஎஸ்டியைத் தொடங்கினார். அதன்பிறகு கெர்னல், டிரைவர், ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) எல்லாம் அவரவர் வழியில் போய்விட்டன. இன்றைக்கு அவை மூன்று தனி ஆபரேட்டிங் சிஸ்டம். அதனால் எது நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, எந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

படங்கள் இருக்கப்போகும் சர்வருக்கு யோசிக்கவே வேண்டாம், ஃப்ரீபிஎஸ்டி. காரணம் ஒன்றே ஒன்று, இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இந்த ஃபைல் சிஸ்டம் 2008-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 7.0-இலேயே சேர்ந்துவிட்டது, இன்ஸ்டால் செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஓபன்பிஎஸ்டியில் இது கிடையாது. உங்கள் தொழிலில் இது எங்கே உதவும் என்றால், மூன்று வருடம் கழித்து ஒரு குடும்பம் பழைய முகூர்த்தப் படத்தைக் கேட்டு வரும், ஃபைலைத் திறந்தால் மேல் பாதி சரியாக இருக்கும், கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். டிஸ்க்கில் எங்கோ சில பிட்டுகள் சத்தமில்லாமல் மாறியிருக்கும், எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. இசட்எஃப்எஸ் எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் எண்) வைத்துக்கொள்கிறது. இரண்டு 4 டெராபைட் டிஸ்க்கை மிரராகப் போட்டு (இரண்டிலும் ஒரே நகல், அதனால் இடம் 4 டெராபைட்தான் கிடைக்கும்) மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா பிளாக்கையும் படித்துச் சோதிக்கும் வேலை) ஓட்டினால், ஒன்றில் கெட்டுப்போன பிளாக்கை இன்னொன்றிலிருந்து எடுத்து அதுவே சரிசெய்துவிடும்.

அடுத்தது இசட்எஃப்எஸ்ஸின் ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது. எடிட்டிங் எப்படியும் விண்டோஸில்தான் நடக்கும், சம்பா (விண்டோஸோடு ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாக அந்த மெஷின் சர்வரில் எழுதும். என்றாவது ஒரு பென் டிரைவ் வழியாக ரான்சம்வேர் நுழைந்து ஷேரில் உள்ள எல்லாவற்றையும் பூட்டிவிட்டாலும், சர்வரில் மணிக்கு ஒன்றாக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டை அங்கிருந்து தொட முடியாது, காலையில் எடுத்ததற்குத் திரும்பிவிடலாம். சர்வரின் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டை அந்த விண்டோஸ் மெஷினில் சேமித்து வைக்காமல் இருந்தால் சரி. மிரர் என்பது பேக்கப் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்; மூன்றாவது டிஸ்க் ஒன்றுக்கு வாராவாரம் காப்பி அனுப்பி அதை வீட்டில் வையுங்கள், ஸ்டுடியோவில் அல்ல.

டெராபைட்டுக்கு ஒரு ஜிபி ராம் வேண்டும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். 8 ஜிபி உங்களுக்குத் தாராளம், ஒரே மாதிரித் தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் டீடூப் என்ற வசதியை மட்டும் ஆன் செய்யாதீர்கள், நினைவகத்தை விழுங்கும், போட்டோக்களில் மிச்சமும் ஒன்றும் ஆகாது. ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் தனி அட்டை) வாங்க வேண்டாம், டிஸ்க்குகளை நேராக மதர்போர்டில் மாட்டுங்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகையா என்று கேட்டு, ஆமாம் என்றால் வேறு எடுங்கள். பழுதான டிஸ்க்கை மாற்றி மிரரை மறுபடி நிரப்பும்போது அது உயிரை வாங்கும்.

ஃபயர்வாலுக்கு ஓபன்பிஎஸ்டி. பிஎஃப் என்ற பாக்கெட் ஃபில்டர் (நெட்டில் வந்துபோகும் தரவை விதிப்படி வடிகட்டும் மென்பொருள்) பிறந்த வீடு அதுதான். ஃப்ரீபிஎஸ்டியிலும் பிஎஃப் உண்டு, ஆனால் இரண்டும் வேறு வேறு பாதையில் வளர்ந்ததால் ஒன்றுக்கு எழுதிய விதிகள் மற்றொன்றில் அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. உங்கள் ஃபைபர் லைன் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) என்றால் அதற்கான ஆதரவு கெர்னலிலேயே இருக்கிறது, மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை அப்படியே உங்கள் பெட்டிக்குக் கடத்தும் நிலை) மாற்றித்தரச் சொன்னால் போதும். சிசிடிவி டிவிஆர் இருக்குமே, அதை வெளியே பேசவிடாமல் ஒரே வரியில் மடக்கிவிடலாம். இத்தனைக்கும் முழு விதிக் கோப்பு ஒரு பக்கத்தைத் தாண்டாது, ஒரு வருடம் கழித்துப் படித்தாலும் புரியும்.

இரண்டு தொல்லைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும், பேட்ச் (திருத்தம்) கிடைப்பது கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டும், ஒன்றைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. ஒரே கமாண்டில் முடிகிற வேலைதான், ஆனால் தள்ளிப்போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மற்றொன்று கரண்ட். இதன் ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது. கரண்ட் போய்வந்தால் பெரும்பாலும் தானே சோதித்துக்கொண்டு எழுந்துவிடும், எப்போதாவது எஃப்எஸ்சிகே-வை (டிஸ்க்கைச் சோதிக்கும் கமாண்ட்) கையால் ஓட்டு என்று கேட்டு நின்றுவிடும். மானிட்டர், கீபோர்டு இல்லாமல் மூலையில் கிடக்கும் பெட்டி அப்படி நின்றால் ஸ்டுடியோ முழுக்க நெட் இருக்காது. ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிடுங்கள். கமாண்ட் லைனில் மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் சிஸ்டத்தைப் பாருங்கள், அடியில் ஃப்ரீபிஎஸ்டி, மேலே பிரவுசரில் கிளிக் செய்கிற திரை.

சர்வரையும் ஃபயர்வாலையும் ஒரே பெட்டியில் வைத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். வெளியுலகம் தட்டுகிற கதவிலேயே ஊரார் வீட்டுப் படங்களை அடுக்கி வைப்பது சரியில்லை.

லேப்டாப் விஷயத்தில் முடிவு உங்கள் கையில் இல்லை, உள்ளே இருக்கும் வைஃபை சிப்பின் கையில் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இன்ஸ்டாலரைப் பென் டிரைவில் எழுதி பூட் செய்யுங்கள். முதல் கேள்விக்கே 'S' என்ற எழுத்தை அடித்தால் ஷெல் (கமாண்ட் அடிக்கும் திரை) வரும், டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது. அங்கே டிமெஸ்ஜி (கண்டுபிடித்த வன்பொருளைப் பட்டியலிடும் கமாண்ட்) ஓட்டிப் பார்த்து, வைஃபை வரியின் கடைசியில் 'நாட் கன்ஃபிகர்டு' என்று இருந்தால் அதற்கு டிரைவர் இல்லை என்று அர்த்தம். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள், பிராட்காம் என்றால் தலைவலி. புளூடூத் ஹெட்செட்டை மறந்துவிடுங்கள், 2014-லேயே அந்தப் பகுதியை ஓபன்பிஎஸ்டியிலிருந்து கழற்றிவிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் கிராபிக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், அது முடிந்தால் மேஜைக் கணினியாக நன்றாகவே ஓடும். ஆனால் தினமும் கஸ்டமரிடம் ஆல்பம் திறந்து காட்டும் லேப்டாப் என்றால் அதில் உபுண்டுவே இருக்கட்டும், ஆசைக்கு இன்னொரு பழைய மெஷினில் விளையாடுங்கள்.

நெட்பிஎஸ்டி அந்த விளையாட்டுக்கு நல்லது. எத்தனையோ வகைப் பிராசஸர்களில், மற்றவர்கள் கைகழுவிய பழைய மெஷின்களில் கூட ஓடும். உங்களுடைய மூன்று பெட்டிகளில் எதற்கும் அதைச் சொல்லமாட்டேன்.

ஃபயர்வால் பெட்டி இன்னும் வாங்கவில்லை என்றால் இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ளதாக, முடிந்தவரை இன்டெல் நெட்வொர்க் சிப்போடு எடுங்கள். ரியல்டெக் ஓபன்பிஎஸ்டியில் ஓடும், ஆனால் பின்னால் ஓபிஎன்சென்ஸுக்கு மாற நினைத்தால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டிவரலாம்.