ஹெட் வேலைக்குப் பிறகு வரும் நீலப் புகை

கேள்வி: என் பழைய காரில் நான்கு சிலிண்டர் எஞ்சின், வார்ப்பிரும்பு ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி). அண்மையில் ஹெட்டைப் பிரித்து வால்வு, கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வருகிறது. இரண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) 85 பிஎஸ்ஐ, மற்ற மூன்றிலும் 140. பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு ரிங்கில் கை வைக்காதீர்கள். முன்பு இல்லாத புகை ஹெட் வேலைக்குப் பின் வந்திருக்கிறது என்றால், முதல் சந்தேகம் ஹெட் மேல்தான். இரண்டாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. 85-லேயே நின்றால், பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுங்கள். கார்பரேட்டரில் சீறல் கேட்டால் இன்டேக் (உள்ளே இழுக்கும்) வால்வு கசிகிறது, சைலன்சரில் கேட்டால் எக்சாஸ்ட் (புகையை வெளியேற்றும்) வால்வு கசிகிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

புகைக்கு வருவோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் (காற்று போகும் வழியின் தடுப்பு) மூடி, இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடுகிறது. கைடு தளர்வாக இருந்தால் அந்த வழியாக ஆயில் உள்ளே போகிறது. புதுக் கைடுதானே என்று கேட்பீர்கள். கைடை அடித்து இறக்கும்போது அதன் துளை கொஞ்சம் சுருங்கும். ரீமர் (துளையைச் சீவும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே கை மீறினால் புதுக் கைடும் பழசு மாதிரிதான். பல எஞ்சின்களில் இன்டேக் வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ. வரை இருக்கும். எக்சாஸ்ட் அதிகம் சூடாவதால் அதற்குச் சற்றுக் கூடுதல். உங்கள் எஞ்சின் மேனுவலில் உள்ள அளவே முடிவானது.

கம்ப்ரஷன் குறைவுக்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வேறு: வேலையின் வரிசை. கைடு முதலில், சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) பிறகு. சீட் வெட்டும் கருவி கைடைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. கைடை மாற்றிவிட்டுச் சீட்டை வெட்டாமல் விட்டால் இரண்டின் மையமும் விலகி, வால்வு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். தேய்ப்புப் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் இது சரியாகாது. ஆனால் தேய்த்த பிறகு சாம்பல் நிற வளையம் அழகாகத் தெரியும், அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். வால்வு முகத்தில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, சுற்றாமல் ஒருமுறை அழுத்தி எடுங்கள். சுற்றினால் கோளாறு மறைந்துவிடும். சீட்டில் வளையம் அறுபடாமல் பதிய வேண்டும்.

மறுபடி வெட்டும்போது வால்வு உள்ளே இறங்கும்; ஸ்பிரிங் விறைப்பு குறையும். ஸ்பிரிங் பொருத்தும் உயரத்தை அளந்து, தேவையான ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈயமில்லாத பெட்ரோலுக்காக இதே ஹெட்டில் கடினமான சீட் வளையம் போட வேண்டுமா?

பதில்: பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட் தேயாமல் காத்தது; அதற்காகத்தான் இந்தக் கேள்வி. மிதமான வேகத்தில் ஓட்டினால் இப்போது வேண்டாம். வளையத்துக்காகக் குடையும்போது சில ஹெட்டுகளில் தண்ணீர் அறை வரை ஓட்டை விழுந்துவிடும். எக்சாஸ்ட் டேப்பெட் இடைவெளியை (மூடிய வால்வின் தண்டு முனைக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ளது)க் குறித்து வையுங்கள். சரிசெய்த பிறகும் அது சுருங்கிக்கொண்டே போனால் சீட் தேய்கிறது. அப்போது எக்சாஸ்ட் பக்கம் மட்டும் போட்டால் போதும்.