பிடிக்காமல் போன படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

போன வாரம் அறை நண்பர்களோடு 'தி பாய் அண்ட் தி ஹெரான்' பார்த்தேன். அதை எடுத்த ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் எல்லாப் படங்களையும் பார்த்தவன் இல்லை நான். பள்ளிக்கூட நாட்களில் 'ஸ்பிரிட்டட் அவே' பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் கிடந்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. அதே எதிர்பார்ப்போடுதான் இதற்கும் உட்கார்ந்தேன். ஆரம்பம் நன்றாகவே போனது. பையன் கோபுரத்துக்குள் போன பிறகு எதுவுமே மனதில் ஒட்டவில்லை. பெலிக்கன்கள் வருகின்றன, கிளிகள் வருகின்றன, ஒரு கிழவர் கல் அடுக்குகிறார், உலகம் இடிந்து விழுகிறது. ஒரு லாஜிக்கும் இல்லை. படம் முடிந்ததும் 'போர்' என்றேன். நண்பர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "மியாசாகியோட வாழ்க்கை தெரிஞ்சாத்தான் இது புரியும்" என்கிறான் ஒருவன். "ஆஸ்கர் கொடுத்தவங்க எல்லாம் முட்டாளா?" என்கிறான் இன்னொருவன். குறை என்னிடம்தானா? நீங்கள் இந்தப் படத்தைப் பற்றி எழுதவே இல்லையே, ஏன்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தப் படம் ஏமாற்றம்தான். அதை வெளியே சொல்லத் தயங்கினேன், அதனால்தான் எழுதவில்லை. படம் பார்த்த மறுநாள் ஒரு தோழி போனில் கேட்டபோது "ரொம்ப நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டேன். 82 வயதில் ஒருவர் இத்தனை பாடுபட்டுக் கையால் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார், அதைப் போய் எப்படிக் குறை சொல்வது என்று இருந்தது. அந்தப் பொய் இத்தனை நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆஸ்கர் விஷயம் எளிது. 2023 ஜூலையில் ஜப்பானில் டிரெய்லர்கூட இல்லாமல், ஒரே ஒரு போஸ்டரோடு வெளியான படம் அது. டிசம்பரில் அமெரிக்காவுக்குப் போனபோது வசூலில் முதலிடத்துக்கு வந்தது. 2024இல் கோல்டன் குளோப், ஆஸ்கர் இரண்டும் கிடைத்தன. கொடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது, கொடுத்தார்கள். உங்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை அந்த விருது மாற்றிவிடாது.

ஆனால் லாஜிக் இல்லை என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பாட்டி சொன்ன கதைகளில் என்ன லாஜிக் இருந்தது? ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளியின் கழுத்துக்குள் அரக்கனின் உயிர் இருக்கும். எப்படி அங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் சாக வேண்டும், அவ்வளவுதான் நமக்குத் தேவை. கதை ஒரு சட்டம் போடும், பிறகு அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும். கட்டுப்படும்வரை எந்த அதிசயத்தையும் நம்ப நாம் தயார்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்த 'ஸ்பிரிட்டட் அவே'யையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்துச் சாப்பாட்டில் ஒரு வாய் சாப்பிடாவிட்டால் சிறுமி சிஹிரோவின் உடம்பு கரைந்துபோகும். பெயரைச் சூனியக்காரி யூபாபாவிடம் கொடுத்தால் 'சென்' ஆகிவிடுவாள், சொந்தப் பெயரை மறந்தால் வீடு திரும்ப முடியாது. கடைசியில் அவளுக்குத் துணை நிற்கும் ஹாக்குவை விடுவிப்பது எது? அவன் மறந்துபோன பெயர், அடுக்குமாடிக் குடியிருப்புக்காக மூடப்பட்ட ஒரு நதியின் பெயர். முதலில் போட்ட முடிச்சு அங்கே அவிழ்கிறது. நீங்கள் தேடிய லாஜிக் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்தில் முடிச்சுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. கடல் ஓரத்தில் ஒரு கல்லறை, அதற்குத் தங்க வாசல். மீன் பிடிக்கிற கிரிகோ நெருப்பால் வட்டம் போட்டு, திரும்பிப் பார்க்காமல் பின்னாலேயே நடந்து வா என்று பையன் மஹிதோவைக் கூட்டிப்போகிறாள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். உள்ளே இருப்பது யார் என்று படம் கடைசிவரை சொல்லவில்லை. பூமியில் பிறக்கப்போகிற உயிர்களாகிய வாராவாராக்கள் வெள்ளை வெள்ளையாக வானத்தில் ஏறுகிற காட்சி இருக்கிறதே, அவ்வளவு அழகு. அதற்குப் பிறகு அவற்றுக்குக் கதையில் வேலை இல்லை.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல முதல் பாதிக்குப் போகவேண்டும்.

அம்மா இருக்கும் ஆஸ்பத்திரி டோக்கியோவில் எரிகிறது. மஹிதோ ஓடுகிறான். வழியில் நிற்கிற மனிதர்களின் முகங்கள் அனலில் உருகிக் கலைகின்றன. ஷின்யா ஓஹிரா என்ற அனிமேட்டரின் வேலை இது. அந்த ஒரு நிமிடத்துக்கே படத்தைக் கும்பிடலாம். பிறகு அப்பா, செத்துப்போன அம்மாவின் தங்கையையே கட்டிக்கொள்கிறார். நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கமே வேண்டாம். அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்திதான். அந்தப் பையனுடைய சிக்கல் முழுவதும் நம் பாஷையில் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

ரயில் நிலையத்தில் அந்தச் சித்தி, நட்சுகோ, வந்து நிற்கிறாள். ரிக்‌ஷாவில் ஏறும்போது வண்டி அவர்கள் கனத்தில் ஒரு பக்கம் அமுங்கி நிமிர்கிறது. போகிற வழியில் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைக்கிறாள். உள்ளே குழந்தை இருக்கிறது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கையைப் பிடுங்கவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை. இத்தனையையும் வசனத்தில் விளக்காமல், ஒரு கையையும் ஒரு முகத்தையும் வரைந்தே சொல்லிவிட்டார்கள். அப்புறம் பள்ளியிலிருந்து வரும் வழியில் கல்லை எடுத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறான். ரத்தம் நிற்காமல் கொட்டுகிறது. மசக்கையில் படுத்திருக்கும் சித்தியைப் பார்க்கப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அந்த அறையிலிருந்தே சிகரெட்டை எடுத்துக்கொண்டு வருகிறான். அவள் காட்டுக்குள் நடந்துபோவதை ஜன்னல் வழியாகப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, வில் அம்பு செய்கிற வேலையைத் தொடர்கிறான்.

இப்படி ஒரு பையனை, பாவத்தையும் கோபத்தையும் சேர்த்து இவ்வளவு நேர்மையாக வரைந்த படம் மிகக் குறைவு. கோபுரத்துக்குள் அவன் போவதே நட்சுகோவைத் தேடித்தான். ஆகவே நான் காத்திருந்தது அந்த இரண்டு பேரின் சந்திப்புக்காக. அது வந்தது. பிரசவ அறையில் வெள்ளைத் தாள்கள் சுழல, எழுந்து உட்கார்ந்து "உன்னை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்று அவள் கத்துகிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் நல்ல சித்தியாக நடந்துகொண்ட பெண்ணின் வாயில் உண்மை வருகிறது. அவன் பதிலுக்கு "நட்சுகோ அம்மா" என்கிறான். அவள் முகம் மாறுகிறது, தாள்கள் சீறுகின்றன, இருவரையும் பிரித்துவிடுகின்றன.

அவ்வளவுதான். ரிக்‌ஷாவில் உயிரில்லாமல் கிடந்த அந்தக் கை 'அம்மா' என்று நீள்வதற்கு நடுவில் என்ன நடந்தது? அம்மா விட்டுச்சென்ற புத்தகத்தைப் படித்து அழுகிறான், தெரியும். அந்த அழுகை அவனை அம்மாவிடம் கொண்டுபோகிறது. சித்தியிடம் எப்போது வந்தான்? அவள் ஏன் தானாகவே அந்தக் கோபுரத்துக்குள் போனாள்? பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? படம் கிளி ராஜாவின் பின்னால் போய்விட்டது. என்னை அது கைவிட்ட இடம் அந்தப் பிரசவ அறைதான். அதற்குப் பிறகு எத்தனை அழகான காட்சி வந்தும் நான் வெளியே நின்றுதான் பார்த்தேன்.

வாழ்க்கை தெரிந்தால் புரியும் என்ற உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை உண்டு. மியாசாகியின் அப்பா நடத்திய தொழிற்சாலை போர் விமானங்களுக்கு உதிரி பாகம் செய்தது, மஹிதோவின் அப்பாவும் அந்தத் தொழில்தான். கல் அடுக்கும் பெரிய தாத்தா 2018இல் இறந்துபோன சக இயக்குநர் தகஹாத்தா என்று தயாரிப்பாளர் சுசுகியே சொல்லியிருக்கிறார். அவர்களுடைய ஸ்டூடியோவான ஜிப்லியைச் சேர்ந்து கட்டியவர்களில் ஒருவர் போய்விட்டார், மியாசாகி அந்தக் கற்களை என்ன செய்வதென்று யோசிக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்த்தேன். அந்தக் கிழவர் வரும் காட்சியில் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் அந்த அடைப்பு மியாசாகிக்காக வந்தது, மஹிதோவுக்காக வரவில்லை. அதோடு இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்துவதும் இல்லை. மியாசாகியின் அம்மா காசநோயில் பல வருடம் படுத்திருந்தார், மகன் இயக்குநராகும் வரைக்கும் இருந்தார். தீயில் போனவர் இல்லை. படத்துக்கு வெளியே இருந்து கொண்டுவந்துதான் ஒரு காட்சியை நிரப்பவேண்டும் என்றால், அந்தக் காட்சிக்குள் ஏதோ குறைகிறது.

இரண்டாம் பாதி மொத்தமும் வீண் என்றும் எனக்குச் சொல்ல மனமில்லை. ஹிமி ரொட்டியை வெட்டி, வெண்ணெயைக் கனமாகத் தடவி, அதன்மேல் சிவப்பு ஜாமைக் கொட்டிக் கொடுப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? மஹிதோ கடிக்கிறான், முகமெல்லாம் ஜாம். அம்மா செய்து கொடுத்தது மாதிரியே இருக்கிறது என்கிறான். எதிரில் நிற்பது சிறுமியாக இருக்கும் அம்மாதான். அங்கே எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. சிறகு ஒடிந்து சாகிற கிழ பெலிக்கன், இந்தக் கடலில் எங்களுக்குத் தின்ன வேறு எதுவும் இல்லை என்று சொல்லும் இடமும் அப்படித்தான். மஹிதோ மண்ணைத் தோண்டி அதைப் புதைக்கிறான். இந்த இரண்டு இடத்திலும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் வருத்தப்படுவேன்.

சரி, நண்பர்களிடம் என்ன சொல்வது? 'போர்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டால் யாருக்கும் சண்டைதான் வரும், பேச்சு வராது. கைவிட்ட இடம் எது என்று சொல்லுங்கள். கோபுரத்துக்குள் போன பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள், அது பாதிக்கு மேற்பட்ட படம். இன்னும் குறுக்கிப் பாருங்கள். எந்தக் காட்சியில் கை போனை எடுத்தது, எந்தக் காட்சியில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்த்தீர்கள்? அதைக் கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நான் இன்று சாயங்காலம் அந்தத் தோழியைக் கூப்பிட்டு, அன்று சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். பிரசவ அறைக் காட்சியைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கவேண்டும். அவளுக்கு இரண்டு சித்திகள்.

அன்புடன்,
அக்கா