வேலூர் பக்கம் பழைய கிட்டார் ஆம்ப் மலிவாகக் கிடைக்குமா?

காட்பாடியில் படிக்கிறேன், கிட்டாருக்கு வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழாய்) வைத்த பழைய ஆம்ப் ஒன்று வேண்டும், கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, எங்கே தேடலாம், எதைப் பார்த்து வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். ஆனால் ஃபெண்டர், மார்ஷல் என்று பெரிய வெளிநாட்டுக் கம்பெனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பத்தாயிரத்தில் நடக்காது. 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ கனம். அப்படி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் கூலிக்கே உங்கள் பணம் போதாது.

நம் பக்கம் இருக்கிற சரக்கு வேறு. கல்யாண வீட்டிலும் அம்மன் திருவிழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் குழாய் ஸ்பீக்கரை அலற வைத்த பழைய மைக் செட் ஆம்ப். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் அவை எல்லாமே வால்வில் ஓடியவைதான். வாக்ஸ் ஏசி30 என்ற பேர்போன பிரிட்டிஷ் கிட்டார் ஆம்புக்கு அதன் குரலைக் கொடுப்பது இஎல்84 என்ற வகை வால்வுகள் நான்கு. அதே இஎல்84ஐ பெங்களூரில் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனமும் தயாரித்தது. நம் ஊர்ப் பழைய பெட்டிகளைத் திறந்தால் அந்த மாதிரி வால்வுகள் உட்கார்ந்திருக்கலாம். நம்முடைய விண்டேஜ் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இதைப் பழைய இரும்பு என்று கிலோ கணக்கில் எடைக்குப் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தேட வேண்டிய இடம் சவுண்ட் சர்வீஸ் கடைகளின் பின்கட்டு. குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆற்காடு என்று அப்பா காலத்திலிருந்து தொழில் செய்கிறவர்களாகப் பார்த்துக் கேளுங்கள். பழைய சர்ச்சுகளின் சாமான் அறை, கலைந்துபோன மெல்லிசைக் குழுக்காரர்களின் பரண், இவற்றிலும் உண்டு. போகிற மாதம் முக்கியம். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதை ஒட்டியும் ஆடியிலும் போனால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. புரட்டாசியில் போங்கள். கல்யாணம் கிடையாது, உட்கார்ந்து பேசுவார்கள்.

நான் என்னுடையதை எடுத்தது குடியாத்தத்தில். தார்ப்பாய்க்குக் கீழே, மேலெல்லாம் பல்லி எச்சம், ஒரு குமிழ் இல்லை. "இன்னா தம்பி, இத எடுத்துனு போயி இன்னா பண்ணப் போற?" என்றார் கடைக்கார அண்ணன். கிட்டாருக்கு என்றேன். நம்பாமல் பார்த்தார். 2,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

அங்கேயே ப்ளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்ட, அதாவது கரண்ட் பல்பு வழியாகவே ஆம்புக்குப் போகிற மாதிரி, ஒரு போர்டை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆம்பை அதன் வழியாகப் போட்டால், பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, அப்புறம் மங்கிச் சிவந்து அடங்க வேண்டும். அடங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். என் ஆம்புக்கு அன்று பல்பு மங்கியது. அரை நிமிஷத்தில் வால்வுகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் இழை தெரிந்தது. மேலே படிந்திருந்த தூசி சூடேறி, வெயிலில் காய்ந்த கோணிப்பை வாசனை வந்தது. அண்ணனும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாங்கும் முன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். மெழுகு உருகி ஒழுகியிருந்தாலோ கருகிய நாற்றம் வந்தாலோ விட்டுவிடுங்கள். வால்வு மாற்றிக்கொள்ளலாம், கெப்பாசிட்டர் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஒன்று கரண்டுக்கு, இன்னொன்று ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அந்த இரண்டாவது போனால் சரிக்கட்டுவது பெரும்பாடு. ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் சத்தம் விட்டால் முதலில் சாவது அதுதான். கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இத்தனை வருஷத்தில் வறண்டிருக்கும், அவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். உள்ளே நீங்களாகக் கை வைக்க வேண்டாம். வால்வு ரேடியோ பார்த்த பழைய மெக்கானிக் யாராவது ஊரில் இருப்பார், அவரிடம் கொடுங்கள்.

மைக் செட் ஆம்பைக் கிட்டாருக்கு மாற்றும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மைக்குக்கான உள்ளீடு கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குப் பொருந்தாது, ஒலி மழுங்கிவிடும். ஒரு மெகா ஓம் உள்ளீடாக மாற்றச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். அடுத்தது, பின்னால் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். அது தூரத்துக் குழாய் ஸ்பீக்கர்களுக்கு. கிட்டார் ஸ்பீக்கரை அதில் கொடுக்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 8 ஓம் முனையில்தான். எனக்கு மெக்கானிக் கூலி, கெப்பாசிட்டர், ஒரு பழைய 12 அங்குல ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து மேலும் 4,000 ஆனது.

வெளிநாட்டு ஆம்ப் என்று யாராவது கொண்டுவந்தால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். பல வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஒருவரிடம் பழைய அமெரிக்க ஆம்ப் வாங்கினேன். நம்ம கரண்டுக்கு மாற்றியாயிற்று என்றார். வீட்டில் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு உறுமல், அப்புறம் புகை. தகட்டில் 120 வோல்ட் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. இரண்டு மாதம் சேர்த்த பணம் அது. அன்றைக்கு நம் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்திருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரமே மேடை ஏற வேண்டும் என்றால் வால்வை விடுங்கள். பீவி பேண்டிட், ரோலண்ட் க்யூப் மாதிரி பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் சென்னையிலோ பெங்களூரிலோ வருகிறதா என்று பாருங்கள். தொந்தரவு குறைவு.

இல்லை, பொறுமை இருக்கிறது என்றால் ஒரு தகவல். போன புரட்டாசியில் அந்த அண்ணனே போன் பண்ணினார். பேரணாம்பட்டில் அவர் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இன்னொன்று கிடக்கிறதாம். போய்ப் பார்த்தேன். வால்வு இரண்டு இல்லை, பெட்டியின் ஒரு பக்கம் துரு. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. என் வீட்டில் இடமில்லாததால் எடுக்கவில்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே போகலாம். பல்பு போர்டை நான் எடுத்து வருகிறேன்.