தீவுத்திடலுக்கு அம்மாவோடு காரில் வரலாமா?

சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் உணவுத் திருவிழாவுக்குத் தாம்பரத்திலிருந்து காரில் வந்து, முட்டிவலி உள்ள அம்மாவை வாசலிலேயே இறக்கிவிட்டு, பிறகு வண்டி நிறுத்த இடம் தேடலாம் என்று எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை மாலையில் அது வேண்டாம் சார். திருவிழாவுக்குக் கூட்டம் கூடினால், உள்ளே நுழைவதைவிட வண்டியை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. ஒருமுறை வரிசையில் நின்று நின்றே தின்ற பிரியாணி செரித்துவிட்டது எனக்கு.

காரை ஆலந்தூர் மெட்ரோவில் போடுங்கள். அங்கே பார்க்கிங் உண்டு, கட்டணம்தான். நீல வழித்தட ரயிலில் ஏறினால் மாறாமலே அரசினர் தோட்டம் வந்து இறங்கலாம். நிலையத்தில் லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்குப் படி ஏறும் தொல்லை இல்லை. அண்ணா சாலையில் சிம்சன் நிறுவனம், பெரியார் சிலை தாண்டிக் கூவம் பாலத்தைக் கடந்தால் திடல் பக்கம் வந்துவிடும். நீங்கள் நடந்துவிடலாம், அம்மாவுக்கு அந்தத் தூரம் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். கிட்டத்துக்கு வரமாட்டேன் என்பார்கள், ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

கார்தான் என்றால் நாலரை மணிக்குள் வந்துவிடுங்கள். வண்டியின் முகப்பு வெளியேறும் பக்கம் பார்த்திருக்கட்டும்.

மெட்ரோ இரவு 11 மணி வரைதான். பத்துக்கே கிளம்பிவிடுங்கள், ஜிகர்தண்டாவை முதலிலேயே சாப்பிட்டுவிட்டு. அப்புறம், உள்ளே நாற்காலி கிடைக்குமென்று நம்பாமல் அம்மாவுக்கு ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்து வாருங்கள்.